கொடிக்குள் நிற்கும் மீன்: வன்னியில் தூண்டிலோடு ஒரு பங்குனி

வியாழன், கிளிநொச்சி

வன்னிக்குத் தூண்டிலோடு வருகிறவர்கள் மீனை யோசிக்க முதல் நூலை யோசிக்க வேண்டும். இங்கே நல்ல மீன் வெறும் தண்ணீரில் நிற்பது குறைவு. குளத்தில் தாமரைக்கும் அல்லிக்கும் கீழே நிற்கும். மேற்குக் கடலில் சாதாழை என்ற கடற்புல்லுக்குள் நிற்கும். களப்பு முகத்தில் கண்டல் வேருக்குள் நிற்கும். இரையைக் கவ்வ வைப்பது பாதி வேலைதான். கவ்விய மீனைக் கொடிக்குள்ளால் வெளியே எடுக்கிற மற்றப் பாதியை நூல்தான் செய்ய வேண்டும்.

இந்தப் பயணம் மச்சான் அனுப்பிய ஒரு பெட்டியால் வந்தது. அவர் கலிபோர்னியாவில், சான் டியேகோவில் இருக்கிறார். விடுமுறை நாட்களில் கெல்ப் பாஸ் என்ற மீனைப் பிடிக்கப் போவார். கெல்ப் என்பது குளிர்ந்த கடலில் அடிப்பாறையைப் பற்றிக்கொண்டு மேல்மட்டம் வரை எழும் பெரிய கடற்பாசி. நிலைமை சாதகமாக இருந்தால் ஒரு நாளில் 60 சென்ரிமீற்றர் வரை கூட வளருமாம். அந்தக் காட்டுக்குள் ஒளிந்திருந்து இரை பிடிக்கிற மீன் அது. 14 அங்குலத்துக்குக் குறைந்ததைத் திரும்பக் கடலில் விட வேண்டும் என்பது அங்கே சட்டம். எங்களுடைய சூட்டுக் கடலில் கெல்ப் வளராது, அந்த மீனும் இல்லை. ஆனால் பெட்டிக்குள் இருந்தவற்றைப் பார்த்ததும் எனக்குத் தாமரைக்குளம்தான் நினைவுக்கு வந்தது: 65 றாத்தல் தாங்கும் பின்னல் நூல், முள் முனை உடலுக்குள் புதைந்திருக்கும் றப்பர் மீன்கள், வயிறு வெறுமையான றப்பர் தவளைகள். எல்லாமே கொடியில் சிக்காமல் போய்வரச் செய்தவை.

இன்று ரவுணில் கடற்தொழில் சாமான் விற்கும் கடையொன்றில் வெகுநேரம் நின்றேன். இங்கே யாரைக் கேட்டாலும் தங்கூசிதான், அதாவது ஒற்றை இழை நைலோன் நூல்தான், எடுத்துத் தருவார்கள். (நாட்டில் தடை தங்கூசி வலைக்கு; தூண்டிலுக்குக் கட்டும் தங்கூசிக்குத் தடையில்லை.) தங்கூசி மலிவு, முடிச்சு இலகு, சிப்பியிலும் கல்லிலும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். அதன் குணம் இழுபடுவது. வெட்டைத் தண்ணீரில் அது நல்ல குணம். மீன் திடீரென்று உதறும்போது அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். தாமரைக்குள் அதே குணம் கெடுதல் செய்கிறது. இருபது மீற்றர் தள்ளி நிற்கும் விராலுக்கு நீங்கள் றொட்டை (தூண்டில் தடியை) வெடுக்கென்று வெட்டி இழுத்தால், அந்த வேகத்தில் நிறையப் பங்கு நூலின் நீட்சியிலேயே போய்விடும். முள் ஆழமாக ஏறாது. அந்த இடைவெளிக்குள் மீன் தண்டைச் சுற்றிவிடும்.

பின்னல் நூல் கிட்டத்தட்ட நீளவே நீளாது. 0.40 மில்லிமீற்றர் தங்கூசி ஏறக்குறைய 10 கிலோ தாங்கும் என்றால், 0.28 பின்னல் நூல் அதைப்போல இரண்டு மடங்கு தாங்கும். மெல்லிய நூல் என்பதால் தாமரைத் தண்டை அறுத்துக்கொண்டு வரும். மிதக்கும் என்பதால் இலைகளுக்கு மேலேயே கிடக்கும். பலவீனம் ஒன்றுதான், ஆனால் பெரிய பலவீனம்: இறுகி நிற்கும்போது கல், சிப்பி, கூரான செவிள் எது பட்டாலும் அறுந்துவிடும். அதனால்தான் முனையில் வேறு நூல் கட்டுகிறோம். அதைப் பற்றி ஞாயிறு எழுதுகிறேன்.

றீலில் பின்னல் நூலை நேரே சுற்றாதீர்கள். வழுவழுத்த சுருளில் அது மொத்தமாக வழுக்கும். றீல் சுற்றும், நூல் வராது. அடியில் சில மீற்றர் தங்கூசி சுற்றி, அதன் மேல் பின்னல் நூலைக் கட்டுங்கள். நூலை ஈரத் துணியால் அழுத்திப் பிடித்துச் சுற்ற வேண்டும். தொய்வாகச் சுற்றினால் எறியும்போது பந்தாக வந்து விழும்.

வெள்ளி, வட்டக்கச்சி

குளத்தின் பெயரை எழுதவில்லை. சின்னக் குளம், ஊர் ஆட்கள் கறிக்குப் பிடிக்கிற இடம். நாலு பேர் வாகனத்தில் வந்து இறங்கினால் ஒரு கிழமையில் விரால் முடிந்துவிடும். மாமாவின் ஊர் என்பதால், கமக்காரர் அமைப்பில் இருக்கிறவரிடம் முதல் நாளே சொல்லிவிட்டுத்தான் போனேன்.

காலபோக வெட்டு முடிந்து வயல்கள் காய்ந்து கிடக்கின்றன. குளத்தில் தண்ணீர் இன்னும் நிறைய நிற்கிறது. தண்ணீர் திறந்துவிடும் துருசடியில் ஆழம், அங்கே கொடி இல்லை. ஆழம் குறைந்த அலைகரைப் பக்கம் முழுக்கத் தாமரை. விடியப்புறம் குளக்கட்டால் நடந்துபோனபோது மாடு சாய்க்க வந்த ஐயா ஒருவர் நின்று பார்த்தார்.

“தம்பி, உந்தத் தாமரைக்குள்ள எறிஞ்சா நூலை விட்டிட்டுத்தான் போவியள்.”

“இதில முள் வெளியில நிக்காது ஐயா, பாருங்கோ.”

தவளையைக் கையில் வாங்கி இரண்டு விரலால் அமத்தினார். வயிறு ஒடுங்க, முதுகோடு ஒட்டிக்கிடந்த இரட்டை முள் வெளியே வந்தது. விட்டார், மறைந்தது. இன்னொரு தரம் அமத்தினார். “ஓம். விரால் வாய் அமத்தினாத்தான் வரும் என்ன?” அந்தத் தவளையின் முழுச் சூட்சுமமும் அவர் சொன்ன அந்த ஒரு வசனம்தான்.

எங்கே எறிவது என்பதை அவரிடம்தான் படித்தேன். விரால் செவிளால் மட்டும் உயிர்வாழாது. காற்றுக் குடிக்க மேலே வந்தே ஆகவேண்டும். காற்றில்லாத காலையில் இலைகளுக்கிடையில் “ளப்” என்று ஒரு சின்னச் சத்தம் கேட்கும், இரண்டு மூன்று குமிழி வரும். ஐயா சத்தம் வந்த பக்கம் கையைக் காட்டிவிட்டுப் பேசாமல் இருந்தார். அந்த இடத்தின் மேலேயே எறிந்தால் மீன் ஓடிவிடும். அதற்கு அப்பால் மூன்று நாலு மீற்றர் தள்ளி எறிந்து, தவளையை இலைக்கு இலை இழுத்துக்கொண்டு வந்து, இலைகள் விலகி நீர் தெரிகிற இடைவெளியில் நிற்பாட்ட வேண்டும். நிற்பாட்டுகிற இடத்தில்தான் அடிக்கும்.

அடித்தது. இலை ஒன்று அடியிலிருந்து கிழிந்து மேலே எழும்பியது, தவளையைக் காணவில்லை. இந்த நேரத்தில் கை தானாக றொட்டை வெட்டப் பார்க்கும். விடக்கூடாது. விரால் முதலில் இரையை வாயில் வைத்துக்கொண்டு கீழே திரும்பும். நூலில் பாரம் தெரியும் வரை மூச்சை அடக்கிக்கொண்டு நிற்க வேண்டும். பாரம் தெரிந்ததும் முழுப் பலத்தோடு ஒரே வெட்டு. மீன் இழுக்கும்போது நூல் ஓடுவதைக் கட்டுப்படுத்தும் றீலின் டிராக்கை முற்றாக இறுக்கி வைத்திருந்தேன். இது மீனோடு விளையாடுகிற இடமில்லை. தலையை ஒருமுறை கீழே திருப்ப விட்டால் தண்டுகளைச் சுற்றிக்கொள்ளும். றொட்டை உயர்த்திப் பிடித்துக்கொண்டு குளக்கட்டில் பின்னாலேயே நடந்தேன். நூல் தண்டுகளை அறுக்கிற சத்தம் கரைக்குக் கேட்டது. வந்து சேர்ந்தபோது தலையில் ஒரு பிடி தாமரைத் தண்டு. அதற்குள் கறுத்த முதுகும், பக்கத்தில் சரிந்த வரிகளும், அப்போதும் தவளையை விடாத வாயும். ஒன்றேகால் கிலோ வரும்.

தவளையின் நிறத்தைப் பற்றிப் பலர் கேட்பார்கள். கீழிருந்து பார்க்கிற மீனுக்கு வெளிச்ச வானத்துக்கு எதிரே தெரிவது இருண்ட உருவம் மட்டும். ஆகவே காலையிலும் மாலையிலும் நான் கறுப்புத்தான் போடுவேன். பாரம் 10 முதல் 15 கிராம் வரை இருந்தால் போதும். தவளையின் வயிற்றுக்குள் தண்ணீர் ஏறும், சில எறிக்கு ஒருமுறை பிதுக்கி வெளியேற்றுங்கள். மீன் அடித்தும் கொளுவாமல் போனால் தவளையின் நூற்கால்களைக் கொஞ்சம் கத்தரித்துவிடுங்கள். காலை மட்டும் கவ்வி விடுவது குறையும்.

இன்னும் கொஞ்சம் தள்ளி, கோரைப் புல்லின் ஓரத்தில், தண்ணீர்மட்டம் சிவப்பாகக் கொதிப்பதுபோலத் தெரிந்தது. விரால் குஞ்சுகள். நூற்றுக்கணக்கில் ஒரே திரளாக மேலே வருவதும் கீழே போவதுமாக இருந்தன. தாயும் தகப்பனும் கீழேயே காவல் நிற்கும். அந்த நேரத்தில் எதை எறிந்தாலும் கோபத்தில் அடிக்கும். அதனாலேயே அங்கே எறியக்கூடாது. காவல் நிற்கிறதைப் பிடித்துவிட்டால் அந்தத் திரள் முழுவதும் மற்ற மீன்களுக்கு இரை. ஐயாவும் “குஞ்சோட நிக்கிறதை விடுங்கோ தம்பி” என்றார். சுருட்டிக்கொண்டு இறங்கினோம்.

வன்னிக் குளங்களில் முதலை உண்டு. முழங்கால் தண்ணீரில் கூட இறங்கி நின்று எறியாதீர்கள், பொழுது படுகிற நேரம் கரையோரத்தில் குந்தியிருக்கவும் வேண்டாம்.

சனி, இரணைமடு

காற்று. கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய இந்தக் குளம் வடக்கிலேயே பெரியது. அலை எழுந்தால் களப்புப்போல இருக்கும். தவளையை எறிந்தால் காற்று திருப்பிக்கொண்டு வருகிறது. இங்கே அதிகம் விழுவது திலாப்பியா. 1952ல் இலங்கைக்குக் கொண்டுவந்த மீன் அது, இன்று வன்னி வீடுகளில் அன்றாடக் கறி. பாசி மேய்கிற மீன் என்பதால் பொய் இரைக்குப் பின்னால் பெரிதாக வராது. அதற்கு மண்புழுவும் மெல்லிய தங்கூசியும் ஒரு தக்கையும் போதும், பெட்டி பூட்டியே இருக்கட்டும். சங்கத்து ஆட்கள் வலை இழுத்து வந்த தோணியில் கட்லாவும் ரோகுவும் கிடந்தன. ஒரு கிலோ வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

ஞாயிறு, இரணைமாதாநகர்

முழங்காவில் தாண்டி வந்து சேர மத்தியானம் ஆகிவிட்டது. ஞாயிறு இங்கே கடலுக்குப் போகமாட்டார்கள். காலைப் பூசை முடிந்து ஆட்கள் வலை திருத்திக்கொண்டிருந்தார்கள். நாளைக்கு என்னை ஏற்றிப்போக ஒப்புக்கொண்ட அண்ணையின் வாடியில் இருந்து முடிச்சுப் போட்டேன்.

கடலுக்குப் பின்னல் நூலை நேரே கொண்டுபோகக் கூடாது என்று சொன்னேன். முனையில் லீடராக, அதாவது இரைக்கு முன்னால் வரும் முனை நூலாக, ஒன்றரை மீற்றர் புளோரோகார்பன் கட்டுகிறேன். அது தங்கூசி மாதிரித்தான் இருக்கும், ஆனால் கடினம், தேய்மானம் குறைவு, தண்ணீரில் கண்ணுக்கு இலேசில் படாது, தாழும். இரண்டு நூலையும் இணைக்கும் முடிச்சுத்தான் சிக்கல். புளோரோகார்பன் தடிப்பு, பின்னல் நூல் மெல்லிசு; சாதாரண முடிச்சில் ஒன்று மற்றதை வெட்டும் அல்லது வழுக்கும். அதனால் நான் போடுவது எஃப்ஜி முடிச்சு. அதில் புளோரோகார்பன் முடியப்படுவதே இல்லை. அதை நேராக இழுத்துப் பிடித்துக்கொண்டு, பின்னல் நூலை மேலாலும் கீழாலும் மாறிமாறி, ஓலைப் பாய் பின்னுகிற மாதிரி, இருபது சுற்று அளவில் கொண்டுபோக வேண்டும். எச்சில் தொட்டு இறுக்கும்போது நிறம் மங்கிக் கண்ணாடிபோலத் தெரிந்தால் பிடித்துவிட்டது. தெரியாவிட்டால் அவிழ்த்துத் திரும்பக் கட்டுங்கள். இந்த முடிச்சு மெல்லியது, றொட்டின் வளையங்களில் இடறாமல் போகும்.

அண்ணை கையில் எடுத்து இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தார். “இது அறாது. ஆனா காத்துக்குள்ள வள்ளத்தில நிண்டு இதைக் கட்டேலாது” என்றார். உண்மை. அதற்காகவே நாலைந்து லீடரைக் கரையில் கட்டித் தயார் செய்துகொண்டேன். வள்ளத்தில் அவசரமென்றால் இரட்டை யூனி என்ற இலகுவான முடிச்சுப் போதும். வெட்டி எறிகிற நூல் துண்டுகளை ஒரு போத்தலுக்குள் போடுங்கள். கொக்கின் காலில் சுற்றியதைக் கண்டவர்களுக்கு ஏன் என்று தெரியும்.

திங்கள், இரணைதீவுக் கடல்

தென்மேற்குச் சோளகக் காற்றுத் தொடங்க இன்னும் காலம் இருக்கிறது. விடியவே கடல் எண்ணெய் விட்டதுபோல. இரணைதீவு மக்கள் 1992ல் இடம்பெயர்ந்து, 2018 சித்திரையில் தாங்களே வள்ளங்களில் ஏறித் தீவுக்குத் திரும்பினார்கள். அண்ணையும் அதில் போனவர். தீவு தெரிந்ததும் மாதா கோயில் பக்கம் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார்.

தீவைச் சுற்றி ஆழமில்லாத கடல், அடியில் சாதாழை. மேலிருந்து பார்த்தால் கரும்பச்சை, நடுவில் அங்கங்கே வெள்ளை மணல் திட்டு. அந்த எல்லைதான் இடம். இறாலும் குஞ்சு மீனும் தாழைக்குள் இருக்கும். பெரியது மணல் விளிம்பில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும். தாழையின் குறுக்கே எறியாமல் விளிம்போடு ஒட்டி எறிந்தால் இரை நெடுந்தூரம் சரியான இடத்தில் வரும்.

மச்சானின் பெட்டியிலிருந்த மிதக்கும் பொம்மை மீன்களில் மும்முனை முள் இருந்தது. இந்தக் கடலுக்கு அது ஆகாது, எறிந்தவுடன் ஒரு கைப்பிடி தாழையோடு வரும். எல்லாவற்றையும் கழற்றி ஒற்றை முள் போட்டிருந்தேன், முனை பின்னுக்கு மேல்நோக்கி இருக்கும்படி. தாழை உயரமாக நிற்கிற இடத்தில் மேல்மட்டத்தில் தண்ணீர் தெறிக்கிற பொப்பர். தாழைக்கும் நீர்மட்டத்துக்கும் இடையில் ஒரு மீற்றரளவு இருந்தால் மெதுவாகத் தாழும் பொம்மை மீன். தாழைக்குள்ளேயே போக வேண்டுமென்றால் முள் மறைந்த றப்பர் மீன், முள்ளின் தண்டில் சிறு ஈயத்தோடு. ஈயம் முகத்தில் இருந்தால் மூக்குக் குத்தித் தாழைக்குள் புதையும். தண்டில் இருந்தால் சமனாக இறங்கும்.

முதலில் சீலா. பல்லைப் பார்த்தால் ஏன் கம்பி லீடர் என்று கேட்கமாட்டீர்கள். ஒரு சாண் கம்பி போதும், அதற்கு மேல் நீளம் இரையின் ஆட்டத்தைக் கெடுக்கும். பிறகு ஒரு பாரை. அது கொடிக்குள் போகாது, நேரே ஓடும். டிராக்கைத் தளர்த்தி ஓட விட்டுப் பிடிக்கலாம். கலவாய் அப்படியில்லை. பார்க்கல்லின் பக்கத்தில் றப்பர் மீனை எடுத்ததும் பொந்துக்குள் திரும்பியது. விராலுக்குச் செய்த அதே வேலை: இறுக்கிய டிராக், முதல் இரண்டு விநாடிக்குள் தலையைத் திருப்புவது. கெல்ப் பாஸுக்கும் இதுதான் என்று மச்சான் சொல்லியிருக்கிறார்.

கரைக்குத் திரும்பும்போது தடியும் வலையுமாக நிற்கும் கடலட்டைப் பண்ணைகளைக் கவனியுங்கள், அவற்றின் பக்கம் எறியவே வேண்டாம்.

தாழையைப் பற்றிக் கேட்டபோது அண்ணையின் குரல் மாறியது. “றோலர் இழுத்த இடத்தைப் போய்ப் பாருங்கோ. தாழை வேரோட போட்டுது. தாழை போனா குஞ்சு நிக்காது, குஞ்சு இல்லாட்டி நாங்கள் என்னத்தைப் பிடிக்கிறது?” றோலர்கள் கடலடியை வாரி இழுக்கும் அடிமடி இழுவையை 2017ல் எங்களுடைய நாடு சட்டத்தால் தடைசெய்தது. இரவில் இந்தக் கடலில் இழுக்கிற படகுகள் நிற்கவில்லை. இந்தத் தாழையை மேய்கிற கடற்பசுவையும் அவர் சின்ன வயதில் கண்டிருக்கிறார். அழகான ஒரு கடலை இப்படி உழுவதைப் பார்த்து எனக்கும் வயிறு எரிகிறது.

செவ்வாய், வழியில்

வெள்ளாங்குளம், துணுக்காய், மல்லாவி, மாங்குளம், ஒட்டுசுட்டான், முல்லைத்தீவு. மேற்குக் கடலிலிருந்து கிழக்குக் கடலுக்கு ஒரு பகல். றீல்களை நன்னீரில் கழுவிக் காயவைத்ததைத் தவிர இன்று வேறு வேலை இல்லை. வட்டுவாகலில் நல்ல கொடுவா விழும் என்று பலர் சொன்னார்கள். மாமி 2009 வைகாசியில், போரின் கடைசி நாட்களில், வட்டுவாகல் பாலத்தால் நடந்து வந்தவர். “அங்க மட்டும் தூண்டில் போடாதை ராசா” என்று தொலைபேசியில் சொன்னார். போடவில்லை. பாலத்தில் இறங்கி நின்றுவிட்டு நாயாற்றுக்குப் போனேன்.

புதன், நாயாறு

கொடுவா தெரிந்தால் மற்ற மீனெல்லாம் மறந்துபோகும். உவர்நீரில் முட்டையிட்டு, குஞ்சுகள் களப்புக்கும் நன்னீருக்கும் ஏறி வளரும். பிறகு கடல்முகத்துக்கு வரும். முதலில் எல்லாம் ஆண். வளர்ந்தபின் பெண்ணாக மாறும். ஆகவே பெரிய மீன் என்றாலே தாய் மீன். முழங்கையைப்போல இரண்டு மடங்கு நீளம் வருகிறதைத் திரும்ப விடுவதுதான் என் கணக்கு.

எங்கள் கடலில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றர் கூட வராது. இருந்தாலும் வற்று நேரம் களப்புத் தண்ணீர் முகத்துவாரத்தால் வெளியே ஓடும்போது இறாலும் சின்னத் திரளியும் அதோடு வரும். கண்டல் வேரின் நிழலில், ஓட்டத்துக்கு முகம் கொடுத்துக் கொடுவா நிற்கும். இங்கே 10 சென்ரிமீற்றர் வால் ஆட்டும் றப்பர் மீன் போட்டேன். சுற்றும் வேகம்தான் முக்கியம்: இரண்டு சுற்று, ஒரு நிறுத்தம். நிறுத்தத்தில் இரை ஓட்டத்தோடு வேர்ப்பக்கம் ஒதுங்கும், அப்போதுதான் எடுக்கும்.

எடுத்ததும் குதித்தது. கொடுவா குதிக்கும்போது றொட்டைத் தாழ்த்தி நூலைக் கொஞ்சம் தளரக் கொடுங்கள். இறுக்கிப் பிடித்தால் தலையை உதறி முள்ளைக் கழற்றிவிடும். அதன் செவிள் மூடி கத்தி. வெறும் பின்னல் நூல் அதில் பட்டால் ஒரு விநாடி நிற்காது. அதற்காக 50 றாத்தல் புளோரோகார்பன் இரண்டு முழம் கட்டியிருந்தேன். கரைக்கு வந்த மீன் மூன்று கிலோ அளவில் இருந்தது. லீடரின் கடைசி ஒரு சாணை விரலால் தடவினேன். வாயின் சொரசொரப்புப் பட்டு அரத்தாள்போலக் கரகரத்தது. அந்தத் துண்டை வெட்டிவிட்டுத் திரும்ப முடிந்த பிறகுதான் அடுத்த எறி. இந்த வேலைக்கு யாரும் பஞ்சிப்படக் கூடாது.

அடுத்தது பெரிது. ஒரே இழுவையில் வேருக்குள் போய் நின்றது. வேரெல்லாம் சிப்பி. இரண்டு தரம் நூல் அதிர்ந்தது, பிறகு வெறுமை. லீடரின் நடுவில் அறுந்திருந்தது. தடிப்பைக் கூட்டினால் சின்ன றப்பர் மீனின் ஆட்டம் குறையும், தெரியும். ஆனாலும் கண்டலும் சிப்பியும் இவ்வளவு நெருக்கமாக இருக்கிற கரையில் அடுத்த முறை 60 றாத்தல் லீடர் கட்டி, இரையை 12 சென்ரிமீற்றராகப் பெரிதாக்குவேன். பெரிய இரைக்குத் தடித்த நூல் அவ்வளவாகத் தடை செய்யாது. முள் உள்ளே மறைந்த வகையாகவும் இருக்க வேண்டும், வேருக்கு இன்னும் அரை மீற்றர் நெருக்கமாக எறியலாம்.